பாழ்நகரத்துக்குப் பூப் பார்த்த கதை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருடமாகிறது. கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வரவில்லை. அவரை முன்னுக்கு இருத்திக்கொண்டு பொய் எழுத முடியாது. உண்மையை எழுதத் துணிவில்லை. கொப்பியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். இப்படியே நாலு போகம், ஐந்து போகம் போய்விட்டது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஓ.எல். சோதனை எடுத்து இரண்டு பாடம் தவறினவன். சுன்னாகத்துக்குக் கிட்ட வெங்காயமும் பீற்றூட்டும் வைக்கிறேன். விடிய எழும்பி விபூதி பூசாமல் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டேன். வீட்டுச் சாமியறையில் விளக்கு வைப்பது நான்தான், வேறு ஒருவரையும் விடமாட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்ததை வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. மகளுக்கு இனித்தான் கலியாணம்.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட ஐந்து வயது இளமை. எங்கள் பிறந்த ஊர் வடக்குக் கரைப் பக்கம். சண்டை வந்து ஊரோடு எழும்பி ஓடினபோது அப்பா வரமாட்டன் என்று நின்றுவிட்டார். "மாட்டை ஆர் பாக்கிறது? நீங்கள் போங்கோ" என்றார். நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லி, அம்மாவோடு தெற்கே வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.

அடுத்த நாள் திரும்பிப் போய் அப்பாவைக் கூட்டி வர வேண்டியவன் நான். மூத்த பிள்ளை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை, பயம். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தா. பிறகு கையை எடுத்தா. பதினேழு வயதுத் தம்பி என்னுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பொழுதுபட வெறும் சைக்கிளோடு வந்தான். ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். வீடு வரைக்கும் போனானா, பாதியில் திரும்பினானா, அப்பாவைக் கண்டானா, ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்கவும் இல்லை. கேட்டால் "அண்ணை ஏன் வரேல்லை எண்டு அப்பா கேட்டவர்" என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் முப்பது வருடம் நான் என் தம்பியோடு மழை வெயிலைப் பற்றியே கதைத்தேன்.

அப்பா சில கிழமையில் அந்த வளவுக்குள்ளேயே செத்துப் போனார் என்று, பின்னால் வந்த அயலவர் ஒருவர் சொல்லி அறிந்தோம். கொள்ளி வைக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து செய்யக்கூடிய கிரியையைச் செய்தோம். அடுத்த வருடம் தம்பி வெளிநாடு போனான். கலியாணம் செய்யவில்லை. ஐம்பது வயதை நெருங்கின பிறகு, முதுகு ஏலாமல் வேலையை விட்டுவிட்டு, "இனி இஞ்சைதான் இருக்கப்போறன் அண்ணை" என்று இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினான்.

வந்தவன் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான். கேட்டால் ஓம், இல்லை. யாழ்ப்பாணம் போவான், நல்லூர் போவான், சாவகச்சேரிப் பக்கம் சிநேகிதன் வீட்டுக்கும் போவான். வடக்குப் பக்கம் மட்டும் முகம் திருப்பவில்லை. இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் வளவு அப்போது விடுபட்டிருந்தது. நான் ஒருதரம் போய்ப் பார்த்தவன்தான். வீடு இருந்ததற்கு அடையாளம் இல்லை, பற்றைக் காடு. கிணற்றை வைத்துத்தான் இதுதான் எங்கள் காணி என்று பிடித்தேன். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய அந்த வடக்குப் பக்கத்துக் கீரிமலைக்குக் கூப்பிட்டேன்; "கால் நோகுது" என்றான். அன்றைக்குப் பின்னேரம் மதவடிக் கடை வரைக்கும் நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்தான்.

அவனைக் கதைக்க வைத்தது என் மகள் கொண்டுவந்த விளையாட்டுத்தான்.

மகள் கம்பஸில் படித்தபோது சிநேகிதிகளோடு பழகினது. மேசையைச் சுற்றி இருந்து விளையாடுவது. பந்தும் இல்லை, சீட்டும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என் ஆள் இதைச் செய்கிறான், அதைச் செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். சரிவருமோ பிழைக்குமோ என்பதற்கு ஒரு கட்டை உருட்டுவது. தாயக்கட்டை மாதிரி, ஆனால் இருபது முகம். பூதம், மந்திரம், வாள், புதையல் எல்லாம் வரும். எங்கே போய் என்ன நடக்கிறது என்பதற்குக் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு புத்தகம் முடிய மூன்று நாலு மாதம் செல்லும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நடத்துவாள். நான், என் மனுசி, தம்பி, மூன்று பேரும் ஆடுவோம்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. என் ஆள் காயத்தை மாற்றுகிற பூசாரி என்று மகள் வைத்தாள். சரி, எந்தச் சாமிக்குப் பூசாரி என்று கேட்டேன். வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னாள்.

"உந்தச் சாமியை எனக்குத் தெரியாது. தெரியாத சாமிக்கு நான் மணி கிலுக்க மாட்டன்."

"சரி அப்பா, நீங்கள் வைரவரையே வைச்சிருங்கோ. அவரிட்டைச் சூலமும் இருக்கு, நாயும் இருக்கு. நல்ல வசதி."

மனுசி தன் ஆள் கள்ளி என்றா. நான் திடுக்கிட்டுப் போனேன். முப்பது வருடம் என்னோடு வாழ்ந்த மனுசி, பக்கத்து வீட்டு முருங்கைக்காயைக்கூடக் கேட்காமல் பிடுங்காதவ. விளையாட்டில் அவ முதலில் களவெடுத்தது என்னுடைய மணியைத்தான்.

முதல் நாள் ஒரு குகை வாசலில் மகள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "உள்ளுக்குக் கும்மிருட்டு. ஆர் முதலிலை போறது?"

"பூசாரியார் போகட்டும்" என்றா மனுசி. "வைரவர் துணை இருக்குத்தானே."

"கள்ளிக்குத்தான் இருட்டுப் பழக்கம்" என்றேன் நான்.

அப்போதுதான் தம்பி வாய் திறந்தான். "ஒருத்தரும் போகவேண்டாம். என்ரை ஆள் நிலத்திலை படுத்துக் காது வைச்சுக் கேக்கிறான். உள்ளுக்கு எத்தினை பேர் மூச்சு விடுகினம் எண்டு பாத்திட்டுத்தான் காலெடுத்து வைக்கிறது. வெளிச்சம் கொளுத்தினால் நாங்கள்தான் அவைக்குத் தெரிவம், அவை எங்களுக்குத் தெரியாயினம்."

அவன் வந்து இரண்டு மாதத்தில் நாங்கள் கேட்ட நீளமான பேச்சு அது. மனுசி அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போடுகிற சாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கதைத்தான். விளையாட்டில் மட்டும். அவனுடைய ஆள் ஒரு வழிகாட்டி. எந்தப் பாதையில் போவது, எங்கே படுப்பது, பின்னால் ஆர் வருகினம் என்று அவன்தான் சொல்வான். ஒருநாள் சிரித்தான்கூட. மனுசியின் கள்ளி ஒரு பூதத்தின் காலடியில் இருந்து அதன் செருப்பைக் களவெடுத்துக்கொண்டு ஓடினபோது, "அண்ணி, அது ஒத்தைச் செருப்பு! மற்றதையும் எடுத்துக்கொண்டு வாங்கோ!" என்று கத்திச் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு.

அந்த முதல் புத்தகம் முடிந்தது. அடுத்தது எது என்று தெரிவு செய்ய வேண்டி வந்தது. எல்லாம் அங்கேதான் பிழைத்தது.

மகள் யாழ்ப்பாணத்தில் பிரிண்ட் எடுத்து, கம்பி போட்டுக் கட்டின மூன்று புத்தகங்களை மேசையில் பரப்பினாள். ஒன்று கப்பலும் தீவுகளும். ஒன்று பனிமலை. மற்றது ஒரு பாழ்நகரம். நூறு வருடத்துக்கு முந்தி ஒரே நாளில் சனமெல்லாம் எழும்பிப் போன பெரிய நகரம். உலையில் வைத்த அரிசி வைத்தபடி, கதவு திறந்தபடி. இப்போது காடு மூடிக் கிடக்கிறது. உள்ளே போய் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"எனக்குக் கப்பல்" என்றா மனுசி. "கடலெண்டால் மீனாவது கிடைக்கும். உவள் போன கதையிலை எங்களுக்கு மூண்டு மாசமும் காஞ்ச ரொட்டிதான் தந்தவள்."

தம்பி பாழ்நகரத்துப் புத்தகத்தை எடுத்தான். அதில் மடித்து வைத்த ஒரு பெரிய வரைபடம் இருந்தது. விரித்தான். தெருக்கள், கேணி, கோயில், வீடுகள், ஒவ்வொரு வளவிலும் கிணற்றுக்கு ஒரு சின்ன வட்டம். அவனுடைய விரல் ஒரு வட்டத்தில் இருந்து அடுத்த வட்டத்துக்கு மெல்ல மெல்லப் போனது. பிறகு, "இது" என்றான்.

மகள் சந்தோஷப்பட்டாள். அவளுக்கும் அதில்தான் விருப்பம் போல. முதல் பக்கத்தைத் திருப்பி வாசித்துத் தமிழில் சொன்னாள். "இதிலை தொடங்க முதல் ஒரு சட்டம் இருக்கு. எல்லாருடைய ஆளும் சின்னனிலை இந்த நகரத்திலை இருந்தவை. ஓடேக்கை எதையோ, ஆரையோ, விட்டிட்டு வந்திட்டினம். அது என்னெண்டு ஒவ்வொருத்தரும் சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் கதை தொடங்கும்."

விளையாட்டுத்தானே என்று மகள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தன் அப்பப்பா ஊரில் தங்கிச் செத்தவர் என்று தெரியும், அவ்வளவுதான்.

தம்பி வரைபடத்தில் இருந்து தலையை எடுக்காமல் சொன்னான்: "நான் சொல்லுறன். எனக்குச் சொல்லக் கிடக்கு. வாற ஞாயிறு சொல்லுறன்."

வாற ஞாயிறு. இந்த மேசையில். என் மனுசிக்கும் மகளுக்கும் முன்னால்.

"உது வேண்டாம்" என்றேன். "வீட்டுக்குள்ளை இருந்து பாழைப் பற்றிக் கதைக்கக்கூடாது. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுற நேரம்."

"அப்பா, பஸ்ஸிலை அரை மணித்தியாலம் போனால் நிசமான பாழே கிடக்கு. அதுக்கென்ன செய்யிறது?"

"அதை நான் வீட்டுக்குள்ளை கொண்டு வரேல்லையே."

"கதைதானே!"

"கதையெண்டாலும் வாயாலைதானே சொல்லுறது."

மகள் வைத்த ஒழுங்கு, புத்தகம் தெரிவு செய்வதென்றால் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்பது. ஒருவர் மறுத்தாலும் தொடங்கக் கூடாது. நான் மறுத்தேன். தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றையும் வேண்டுமென்று கேளாதவன், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவனுக்கு எதிராக வேறு காரணம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன், "சரி, வெள்ளிக்கிழமை பூப் பாப்பம். சாமி சொல்லுறதைச் செய்வம்."

எங்கள் குடும்பத்தில் எதற்கும் பூப் பார்ப்போம். கிணறு வெட்ட, சம்பந்தம் பேச, ஒப்பரேசன் செய்யலாமோ என்று அறிய. ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. தனித் தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமிக்கு முன் வைத்து, கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. சில வீடுகளில் வெள்ளையைத்தான் நல்லதென்று எடுப்பார்கள். அப்பா காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் சிவப்பென்றால் ஓம், வெள்ளையென்றால் வேண்டாம்.

"ஓம் அண்ணை" என்றான் தம்பி. "சாமியே சொல்லட்டும்."

மகள் சிரித்தாள். "வைரவரே எங்கடை புத்தகத்தைத் தெரிவு செய்யப்போறார்!" என்றாள்.

அந்தக் கிழமை அவன் மாறிப் போனான். மகளிடம் கோடு போட்ட தாள் வாங்கி ஏதோ எழுதினான், வெட்டினான். புதன்கிழமை நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்க வரம்பில் வந்து நின்றான்.

"அண்ணை, எங்கடை கிணத்தடியிலை நிண்டது தோடையோ மாதுளையோ?"

மாதுளை. அம்மா வைத்தது. நான் போய்ப் பார்த்தபோது அதன் அடி துளிர்த்துக்கொண்டு நின்றது.

"நினைவில்லை" என்றேன்.

"எனக்கு மாதுளை எண்டு கிடக்கு" என்றான். நான் மண்வெட்டியை நிறுத்தவில்லை. அவன் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் முழுகிவிட்டுப் பூ எடுக்கப் போனேன். நாட்கலண்டரில் கிழித்த இரண்டு தாள் கையில். நந்தியாவட்டையில் ஒரு பூ ஆய்ந்தேன். சிவப்புக்காகச் செவ்வரத்தைக்குக் கிட்டப் போனேன். கையை நீட்டினேன், பூவைத் தொட்டும் விட்டேன். கையை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து இன்னுமொரு நந்தியாவட்டையை ஆய்ந்தேன்.

ஏதோ மயக்கத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். இது வெறும் விளையாட்டுப் புத்தகம், இதில் சாமிக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். அதே சாமியைத்தான் காரணம் காட்டிப் பூப் பார்க்கக் கூப்பிட்டேன் என்பதை மறந்தது போல நடித்தேன். இரண்டு தாளிலும் வெள்ளையை வைத்து நூலால் கட்டினேன். முடிச்சு நல்லாய் இறுகினது.

தட்டில் வைத்து, கற்பூரம் காட்டி, தேவாரம் பாடினேன். வழக்கத்தைவிட உரத்துப் பாடினேன். பாடி முடிய மனுசி, "தம்பி எடுக்கட்டும். அவர்தானே கேட்டவர்" என்றா.

தம்பி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான். கண்ணை மூடினான். நெடுநேரம் நின்றான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு ஒரு எரிச்சல்கூட வந்தது. பிறகு குனிந்து ஒன்றை எடுத்து, நூலை அவிழ்த்து, தாளை விரித்தான்.

பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் மெல்ல மெல்லப் பழையபடி மூடியது. நான் அதைக் கண்ணால் கண்டேன். "சரி" என்றான். பிறகு அந்த வெள்ளைப் பூவை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றி, பிரசாதம் போலக் காதில் செருகிக்கொண்டு வெளியே போனான்.

மற்றப் பொட்டலத்தை நான் மடியில் சொருகிக்கொண்டு போய்க் கிணற்றடி வாழைக்குக் கீழே போட்டேன்.

சனிக்கிழமை முற்றம் கூட்டின மகள் அதைக் கோழி கிளறிக் கிடக்கக் கண்டாள். நான் பயிருக்கு மருந்தடிக்கிற தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து நின்று கையை விரித்துக் காட்டினாள். கலண்டர் தாளும் வாடின நந்தியாவட்டையும்.

"மற்றதிலையும் வெள்ளைதான் அப்பா."

நான் தாங்கியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினேன்.

"ஒரு புத்தகம் பிடிக்கேல்லை எண்டால் பிடிக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே. சாமியை ஏன் பொய்ச் சாட்சிக்குக் கூப்பிட்டனீங்கள்? எனக்கு விபூதி பூசிவிட்ட கையெல்லோ உது?" தாளையும் பூவையும் தாங்கிக்கு மேல் வைத்தாள். "சித்தப்பாட்டைச் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொல்லுறன்" என்றேன்.

ஞாயிறு கப்பல் புத்தகம் தொடங்கியது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கட்டையை உருட்டினேன். மனுசியின் கள்ளி துறைமுகத்தில் ஒரு கூடை மீனைக் களவெடுத்தா, ஒருவரும் சிரிக்கவில்லை. "சித்தப்பா, உங்கடை ஆள் என்ன செய்யிறார்?" என்று மகள் கேட்டாள்.

"என்ரை ஆள் கப்பலுக்குள்ளை படுத்திருக்கிறான்."

அடுத்த ஞாயிறும் அதே பதில். அதற்கடுத்த ஞாயிறு தலையிடி என்று அறையை விட்டு வரவில்லை. ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துவிட்டான். "அங்கை எண்டால் முதுகுக்கு நல்ல டொக்டர்மார்" என்றான். மனுசி அழுது பார்த்தா. மகள் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்த பார்வை, அதை எழுத எனக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று முப்பது நாளையும் போக்கினேன்.

காலை ரயிலுக்கு நான்தான் சுன்னாகம் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனேன். மகளுக்கு வேலை, மனுசி வாசலோடு நின்றுவிட்டா. வாங்கில் இரண்டு பேரும் பெட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நான் புத்தகத்துக்காகப் பூ எடுக்கேல்லை."

"என்ன?"

"எங்கடை வளவைப் போய்ப் பாக்கலாமோ எண்டு கேட்டுத்தான் எடுத்தனான். சாமியிட்டை இல்லை, அப்பாவிட்டைக் கேட்டனான். சிவப்பு வந்தால் ஞாயிற்றுக்கிழமை மேசையிலை வைச்சு எல்லாத்தையும் சொல்லிப்போட்டு, அடுத்த நாள் உங்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்திலை ஒரு விளக்குக் கொளுத்துவம் எண்டு நேந்திருந்தன்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்பா வேண்டாம் எண்டிட்டார். நீ வராதை எண்டிட்டார். கோபம் இருக்குந்தானே அவருக்கு. அதுக்குப் பிறகு நான் ஏன் இஞ்சை இருக்கவேணும்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டிலும் வெள்ளைதானடா தம்பி, அப்பா இல்லை, நான்தான். பத்துச் சொல்கூட வராது. ஸ்டேசனில் சனம் குறைவு. காலிலும் விழுந்திருக்கலாம்.

நான் கேட்டது: "தண்ணிப் போத்தல் எடுத்தனியோ?"

"ஓம் அண்ணை" என்றான்.

ரயில் வந்தது. ஏறினான். யன்னலால் கை காட்டினான். நானும் காட்டினேன்.

பின்னேரம் மகள் வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முதல் கேட்டாள். "சொன்னீங்களோ?"

"ஓம்."

"சித்தப்பா என்ன சொன்னவர்?"

"பரவாயில்லை எண்டான்."

அவள் என்னை நம்பினாள். அதுதான் அவள் செய்த பிழை. நம்பினபடியால் சித்தப்பாவுக்குப் போனில் அதைப் பற்றி ஒருநாளும் எடுத்துச் சொல்லவில்லை. அவன் முதலில் கிழமைக்கு ஒருக்கால் எடுத்தான், பிறகு மாதத்துக்கு ஒருக்கால். பிறகு நம்பர் வேலை செய்யவில்லை. இருந்த வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று அவனுடைய சிநேகிதன் ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. இரண்டரை வருடமாக ஒரு தகவலும் இல்லை.

நான் சாமியறைக்கு இப்போதும் போகிறேன். விளக்கு வைக்கிறேன். வைக்காமல் விட்டால் ஏன் என்று மனுசி கேட்பா. கும்பிட வாய் வருகுதில்லை. பூ ஆயப் போனால் நந்தியாவட்டையில் கை வைக்க மாட்டேன். சாமி மன்னிக்கும் என்று வாசிக்கிற ஒருவர் நினைக்கலாம். சாமியோடு என்னுடைய வழக்கு வேறு. அது மன்னித்தாலும் என் தம்பி எங்கேயோ ஒரு குளிர் ஊரில், செத்துப்போன தகப்பன் தன்னை வராதே என்று சொன்னார் என்று நம்பிக்கொண்டு இருக்கிறான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கட்டிக் கொடுத்தவன் நான்.

போன மாதம் கொப்பியை எடுத்து ஒரே இருப்பில் எழுதினேன். தட்டச்சு செய்யத் தெரியாது. மகளிடம்தான் கொடுத்தேன். ஸ்டேசன் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "அப்ப நீங்கள் சொல்லவே இல்லையோ?" என்றாள். எழும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்திருந்து மிச்சத்தையும் தட்டினாள். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை என்றாள். இப்போதும் கதைப்பது குறைவுதான். இந்தக் கடைசிப் பக்கத்தைப் பிறகு எழுதிச் சேர்த்தேன்.

எங்கள் சனம் இல்லாத நாடு இப்போது இல்லை. அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போனிலோ கடுதாசியிலோ, உங்களுக்குத் தெரிந்த ஆக்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி வாசித்தால் அவனுக்குத் தெரியும். ஆனால் அனுப்பும்போது ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். பாவம் வயது போன மனிதன் என்று என்னில் இரக்கப்பட்டு ஒரு வரி சேர்க்க வேண்டாம். சண்டைக் காலம் எல்லாரையும் இப்படி ஆக்கிவிட்டது என்று சண்டையில் பழியைப் போட வேண்டாம். கடைசியில் அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழுதார்கள் என்று முடிவு வைக்க வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னது நான். மற்றதெல்லாம் வழியில் அழிந்து போனாலும், இந்த வரியை மட்டும் இருக்கிறபடியே அவனிடம் சேர்த்துவிடுங்கள்.